கொட்டகையில் நிற்கும் லோடு வண்டி

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கற்கள், முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுவர்கள், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் கட்டுகள் எல்லாமே படமாகவும் புத்தகமாகவும் வந்துவிட்டன. 2014இல் இந்த ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. அந்த வீடுகளில் நின்ற பழைய கார்களுக்கும் மதிப்பு உண்டு. கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள், படப்பிடிப்புக்குக் கேட்கிறார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் தொடங்கிய ஏவிஎம் நிறுவனம் சென்னையில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்திலும் பழைய கார்களுக்குப் பெரிய இடம் இருக்கிறது.

கேட்பாரற்றுக் கிடப்பது சரக்கு வண்டிதான். புதுவயல் அரிசி ஆலையிலிருந்து மூட்டை ஏற்றிய வண்டி, சீர்ச் சாமான் கொண்டுபோன வண்டி, திருப்பணிக்குக் கல்லும் மணலும் அடித்த வண்டி. அதற்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொண்டதில்லை. ஓடாமல் போன அன்றே அதன் விலை இரும்பு விலையாகிவிடுகிறது. கார் என்றால் பேரன் யோசிப்பான். லோடு வண்டி என்றால் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போய்விடுவார். நெடுநாள் நின்ற பழைய பிக்கப் வண்டியை மீட்பதில் பட்டறை வேலை பாதிதான். மீதிப் பாதி, அந்த வண்டியில் எது காக்கத்தக்கது என்று தீர்மானிப்பதில் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் சேகரிப்பாளர்களின் வழக்கமும் நம் சட்டமும் ஒருசேரத் தவறுகின்றன என்பது என் கருத்து.

இந்த வண்டிகள் வந்த வழியைப் பார்த்தால் அது புரியும். ஃபோர்டு நிறுவனம் 1926இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவுக்கு வந்து, பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கி விற்றன. தென் மாவட்டங்களில் மோட்டார் தொழிலை வளர்த்தவர் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளும் அந்த நிறுவனத்தின் வழியாகவே இந்தப் பக்கம் பரவின. அக்காலத்துச் சரக்கு வண்டிகள் பலவும் முழு வண்டியாக வரவில்லை. சேஸிஸ், என்ஜின், முன்பக்க மூக்கு வரைதான் தொழிற்சாலையின் வேலை. ஓட்டுநர் அறையும் பின்தொட்டியும் இங்கே நம் ஆசாரிமார் கட்டியவை. அமெரிக்கப் பெயர்ப் பலகை போட்ட வண்டியின் பாதி உடல் நம் ஊர் உளியில் பிறந்தது. போருக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளும் ஏலத்தில் வந்தன. டிஸ்போசல் வண்டி என்று அவற்றுக்குப் பெயர்.

போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் கரி அடுப்பு போன்ற ஒரு கலத்தைப் பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய கரி வாயுக் கலன்களைச் செய்து விற்றது. என்ஜினின் வலு குறைந்தது, புகையும் சாம்பலும் ஓட்டுநரைப் படுத்தின, ஆனால் வண்டி ஓடியது. வண்டி எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

அடுத்த திருப்பம் 1950களின் முதல் பாதி. உதிரி பாகங்களைப் பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954 வாக்கில் கடையைக் கட்டின. ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கு அசல் பாகம் வருவது மெல்ல நின்றுபோனது. பெட்ரோல் என்ஜின் தேய்ந்தபோது உரிமையாளர்கள் செய்தது என்ன? சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களைச் செய்யத் தொடங்கியிருந்தது. பழைய செவர்லே, டாட்ஜ், ஃபார்கோ வண்டிகளில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினார்கள். லேத் பட்டறையில் இணைப்புத் தகடு கடைந்து, தாங்கியை வெட்டி ஒட்டி, வண்டி மேலும் பல ஆண்டுகள் ஓடியது. இப்படி மாற்றப்படாத வண்டி பெரும்பாலும் அப்போதே உடைக்கப்பட்டுவிட்டது.

பிறகு ஏன் நின்றது? செட்டிநாட்டுக் குடும்பங்களின் பர்மா வருமானம் 1942இன் ஜப்பானியப் படையெடுப்போடு ஒடிந்தது. 1960களில் பர்மிய அரசின் தேசியமயமாக்கல் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயின. வீடு பல பங்காளிகளின் பொதுச் சொத்தாக நின்றது. கொட்டகை வண்டியும் அப்படித்தான். ஒருவருக்கு விற்க மனமில்லை, ஒருவருக்குச் செலவழிக்க மனமில்லை, எல்லாரும் கையெழுத்துப் போட ஒரே நாளில் கூடுவதுமில்லை. இதற்கிடையே பஜாஜ் டெம்போவும் மேட்டடாரும் வந்து, குறைந்த எண்ணெயில் அதே சுமையை இழுத்தன.

நின்ற வண்டிக்குச் செட்டிநாட்டு வறண்ட காற்று ஓரளவு நன்மை செய்திருக்கிறது. கடலோர ஊரான மண்டபத்தில் இரும்பு அரிக்கிற வேகத்துக்கும் காரைக்குடியில் அரிக்கிற வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இதை அளந்து சொன்னது காரைக்குடியிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான். வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் தொடங்கி, 1948 ஜூலை 25இல் நேருவால் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்ட நிறுவனம் அது. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை உருவாக்கியதும் அதுவே. துரு, குரோமியப் பூச்சு, லெட் ஆசிட் பேட்டரி ஆகிய மூன்றும் பழைய வண்டியின் மூன்று பெரிய தலைவலிகள். மூன்றும் அந்த வளாகத்தின் பாடங்கள். ஆனால் வெயில் வேறு கணக்கு. ரப்பர் வெடித்து, வயரின் துணி உறை பொடிந்து, மர வேலைப்பாட்டில் கறையான் ஏறியிருக்கும்.

இனி பட்டறை. வண்டி வந்ததும் பேட்டரியை மாட்டி செல்ப் அடித்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்த ஒரு நிமிட ஆசையில் போன என்ஜின்கள் பல. முதலில் பார்க்க வேண்டியது பிரேக். பழைய பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சக்கர சிலிண்டரின் உட்சுவரை அரித்து, பிஸ்டனை இறுக்கியிருக்கும். செவர்லே சரக்கு வண்டிகளுக்கு 1936 முதலும் ஃபோர்டுக்கு 1939 முதலும் ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது. ஆகவே நான்கு சக்கரத்தையும் கழற்றி, சிலிண்டரைத் திறந்து, வாஷர்களையும் ஹோஸ்களையும் மாற்றிய பிறகே மற்ற வேலை. இன்னொரு எச்சரிக்கை: அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் சகஜம். அது நுரையீரலுக்குள் போய்த் தங்கும் நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, முகமூடி போட்டுச் செய்ய வேண்டிய வேலை அது.

அடுத்து, பெட்ரோல் என்ஜின் மாறாமல் எஞ்சியிருந்தால், அந்த என்ஜின். நெடுநாள் நின்றதில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டி ஜாமாகியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் முன்னும் பின்னும் சிறிதாக அசைத்துப் பார்ப்பது. அசையவில்லை என்றால் மறுபடி ஊறல். நீளமான பைப்பை மாட்டி முறுக்கினாலோ வேறு வண்டியில் கட்டி இழுத்தாலோ ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். ஒட்டிக்கொள்வது ரிங் மட்டுமல்ல. வால்வுகள் தம் வழியில் சிக்கிக்கொள்ளும், கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு பிடித்துக்கொள்ளும். ஹேண்டில் சுற்றும்போது வால்வு மூடியைக் கழற்றிவிட்டு எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்ப்பவரே நல்ல மெக்கானிக்.

என்ஜின் கையால் சுற்றிவிட்டது என்றால் பலர் உடனே பெட்ரோல் ஊற்றிவிடுவார்கள். செவர்லேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினில் இப்படிச் செய்தால் கதை முடிந்தது. 1937 முதல் 1953 வரை உற்பத்தியான அந்த என்ஜினின் கனெக்டிங் ராடு பேரிங்குகள், இன்றைக்குள்ளவை போலக் கழற்றி மாட்டும் ஓடுகள் அல்ல. வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்துக் கடைந்தவை. அவற்றுக்கு எண்ணெய் போகும் விதமும் தனி. ராடின் அடியில் சிறு கரண்டி ஒன்று இருக்கும். அது கீழே தொட்டியில் நிற்கும் எண்ணெயை மொண்டு மொண்டு பேரிங்குக்குக் கொடுக்கும். நின்ற காலத்தில் அந்தத் தொட்டியில் எண்ணெய் தார்ச்சேறாக உறைந்திருக்கும். சேற்றை மொண்டால் பேரிங் சில நிமிடங்களில் உருகும். எனவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் எண்ணெய்ச் சட்டியை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். வெள்ளை உலோகம் வார்க்கும் கை இன்று அரிதாகிவிட்டது. அந்த வேலை தெரிந்த மூத்த மிஸ்திரி கிடைத்தால், பக்கத்தில் ஓர் இளைஞனை உட்கார வைப்பது வண்டியை ஓட வைப்பதைவிடப் பெரிய காரியம்.

துருவைப் போக்க ஆசிட் வேண்டாம். ஆசிட்டுக்குத் துருவும் தெரியாது, நல்ல இரும்பும் தெரியாது, இரண்டையும் தின்னும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பாகத்தை முக்கி, அதை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், ஒரு பழைய இரும்புத் துண்டைப் பாசிட்டிவ் முனையிலும் இணைத்தால் மின்சாரம் துருவைத் தளர்த்தித் தரும். நல்ல இரும்பு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். இதில் மூன்று கவனம் தேவை. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் போடக்கூடாது; நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பட்டை, ஸ்பிரிங் போன்ற எஃகுப் பாகங்களை இதில் போட்டால் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வரலாம். இவ்வளவும் மின்வேதியியலின் பாலபாடம். அதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிற ஊரில் பழைய இரும்பு இன்னும் ஆசிட் தொட்டிக்குப் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

எரிபொருளில் புதுச் சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் முற்றாக நின்றது. ஈயம், பழைய என்ஜினின் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு காப்பாகவும் இருந்தது. அது இல்லாததால் பெருஞ்சுமையோடு வேகமாக ஓட்டினால் அந்த இடம் குழியும். ஹெட்டைத் திறக்கும்போதே கடினமான வளையம் பதித்துவிடுவது நல்லது. இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் குழாய்களை அது ஊதவைக்கும். கார்புரேட்டர் மிதவை அரக்குப் பூசிய தக்கையாக இருந்தால் அரக்கைக் கரைக்கும். டேங்க் அடியில் ஈரத்தைச் சேர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்கள், பித்தளை அல்லது அதற்கேற்ற பிளாஸ்டிக் மிதவை, ஓட்டாத மாதங்களில் காலி டேங்க் ஆகிய மூன்றும் இன்றைய நிலையில் தவிர்க்க முடியாதவை. மின்சாரம் அந்தக் கால அமெரிக்க வண்டிகளில் 6 வோல்ட். தடித்த வயர் போட்டால் அதுவே போதும், 12 வோல்ட்டுக்கு மாற்ற அவசியமில்லை. அரை டன் வண்டிகளின் 6.00-16 அளவு டயர் இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆனால் அதே அளவில் டிராக்டர் முன்சக்கர டயரும் உண்டு. அது சாலை வேகத்துக்குச் செய்ததல்ல.

மர வேலையில் மட்டும் செட்டிநாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. கறையான் அரித்த சட்டங்களையும் தொட்டிப் பலகைகளையும் மறுபடி செய்யக் கூடிய ஆசாரிமார் இங்கே இருக்கிறார்கள். வீடு இடித்த பழந்தேக்கும் கிடைக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கதவும் தூணும் விற்பது ஊரறிந்தது. இந்த இடத்தில் ஒரு சலனம் வரும். அமெரிக்கக் கேட்டலாக்கைப் பார்த்து, இணையத்தில் தகட்டு உடலை வரவழைத்து, டெட்ராய்ட்டில் பிறந்த நாளில் இருந்ததைப் போல ஆக்கிவிடலாமே என்று. பணம் இருப்பவர்கள் அப்படிச் செய்கிறார்கள், வண்டி பளபளவென்று ஆகிறது. ஆனால் அப்படி ஒரு வண்டி செட்டிநாட்டில் ஒருநாளும் ஓடியதில்லை. ஆசாரி கட்டிய அறை, செம்பியத்து டீசல், கதவில் குடும்பத்தின் விலாச எழுத்துகள் இருந்தால் அவை, தொட்டிப் பலகையில் மூட்டை தேய்த்த பள்ளம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வண்டி. பெயின்டை உரசுவதற்கு முன் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேல் பூச்சுக்கு அடியில் பழைய எழுத்து நிற்கலாம். பட்டி பூசிவிட்டால் அது திரும்ப வராது.

சட்டம் இங்கேதான் இடறுகிறது. பழம்பெரும் வண்டிகளுக்கான தனி விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்டது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிக்குப் புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; மறுபதிவு 5,000; பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும்; எண் பலகையில் ‘வி.ஏ.’ எழுத்துகள் இருக்கும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு ஓட்டலாம்; அன்றாட ஓட்டத்துக்கும் தொழிலுக்கும் கூடாது. பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கையின் பிடியிலிருந்து இது பெரிய விடுதலை, மறுப்பதற்கில்லை. ஆனால் யாருக்கு? விதி எடுத்துக்கொள்ளும் நான்கு சக்கர வண்டி ‘எம்1’ வகை மட்டுமே. அதாவது ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேர் வரை ஏறும் பயணிகள் வண்டி. மூன்றரை டன் வரையிலான சரக்கு வண்டி ‘என்1’ வகை. அதற்கு இந்த விதியில் இடமில்லை. போதாதென்று சேஸிஸ், உடல், என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது. டீசல் மாற்றி உயிர் பிழைத்த வண்டி இந்த இரண்டாம் வாசலிலும் தடுக்கப்படும்.

விளைவு, 50 ஆண்டு கடந்த பிக்கப் வண்டியும் நேற்றுப் பதிவான லோடு வேனும் சட்டத்தின் கண்ணில் ஒரே இனம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம் என்பது ஒரு சலுகை. எஃப்.சி. மட்டும் கட்டாயம். தாத்தா பெயரில் இருக்கும் ஆர்.சி.யை மாற்றுவது தனிப் பாடு. உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இங்கே இரண்டு தலைமுறை கடந்திருக்கும். பழைய ஆவணத்தைத் தேடினால் மாவட்டமே மாறியிருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். அதற்கு முன் இந்த ஊர்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. செட்டிநாட்டின் ஒரு பகுதி 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. இன்றைய காரைக்குடி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த ஏடுகளைக் கேட்டுப் பயனில்லை. எந்த ஊரில், எந்த ஆண்டில் பதிவானது என்று குடும்பத்திடம் முதலில் விசாரித்துக்கொண்டு, அதன்பிறகே அலுவலகம் ஏற வேண்டும்.

2021 விதியில் ‘என்1’ என்பதைச் சேர்ப்பதும், 50 ஆண்டுகளுக்கு முன்னரே நடந்த என்ஜின் மாற்றத்தை அந்த வண்டியின் வரலாறாக ஏற்பதும் அமைச்சகத்துக்குப் பெரிய வேலை இல்லை. தமிழ்நாடு அரசு எழுதிக் கேட்கலாம். 1952இல் அழகப்பர் பெயரில் தொடங்கிய காரைக்குடிப் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் மாணவர்கள், சுற்றுவட்டார ஊர்களில் நிற்கும் சரக்கு வண்டிகளைக் கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பதிவு செய்யலாம். துருவுக்கு யோசனை சொல்ல மின்வேதியியல் நிறுவனம் இருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செல்ப் அடிக்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். விற்பதென்றே பங்காளிகள் முடிவு செய்துவிட்டாலும், எடைக்குப் போடுவதற்கு முன் சேஸிஸ் எண்ணையும் கதவு எழுத்துகளையும் மர வேலைப்பாட்டையும் படம் எடுத்து வையுங்கள். அதை ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். மீட்கத் தெரிந்த ஒருவருக்கு ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.